மஞ்சள் கட்டத்தில் வந்த குலசாமி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஆனைக்குட்டத்தில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குச் சீட்டும், பாங்கில் கையெழுத்தும்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். பிள்ளைகளா, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், பழைய ஆட்கள் ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். டீ கொடுத்து, அறை கூட்டியவளிடம் என்ன இருக்கிறது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த அறைக்குள் சில நாள் என்ன நடந்தது என்று டீ கொடுக்கப் போனவளுக்குத்தான் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் போயிருக்கும். நம் கம்பெனியில் அப்போதே பட்டாசும் உண்டு, லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸும் உண்டு. ஆர்டர் பார்க்க ஒரு கம்ப்யூட்டர், லேபிள் படம் வரைய ஒன்று, லோடு ஏற்ற ஒன்று என்று தனித்தனியாகக் கிடந்தவற்றை எல்லாம் ஒன்றாகக் கட்டி, யார் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கிப் போட்டார்கள். அதற்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர். நாங்கள் எல்லோரும் அதைப் 'பூட்டு' என்றே சொல்வோம். ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அதைத் தட்டினால் அவரவருக்கு உரியது திறக்கும்.

அதை வாங்கலாம் என்று முதலாளியிடம் எடுத்துச் சொன்னவர், அன்றைக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த சார். மதுரைப் பக்கத்துக்காரர், என் கடைசித் தம்பி வயது. பெயரைப் போட்டால் கூச்சப்படுவார். சார் என்றே எழுதுகிறேன்.

பூட்டு வந்த அன்று சார் ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொன்னார்: "உங்களுக்கு மறக்கவே மறக்காத ஒரு பேரை வச்சுக்கங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

மறக்கவே மறக்காத பெயர் என்றால் நம் பக்கத்து ஆட்கள் எதை வைப்பார்கள்? குலசாமி பெயரைத்தான். அய்யனார், மாடசாமி, இருளாயி, கருப்பன் என்று கம்பெனி முழுக்கக் காவலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 'சொல்லாதீங்க' என்ற பாதி மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. குலசாமி பெயரை எவன் மறைப்பான்? பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வியே அதுதானே. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குலசாமி என்றால் பங்காளி முறை, சம்பந்தம் பண்ண முடியாது. அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயரை இரகசியமாக வை என்றால் எப்படி வரும்?

இனி மாரிச்செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேபிள் படங்கள் எல்லாம் இருக்கும் பிரிவில் கிளார்க். இருபத்து மூன்று, நான்கு வயதிருக்கும். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் மாரிச்செல்விதான். நான் டீ கொண்டுபோனால் எழுந்து நின்று வாங்குவாள். "உக்காருத்தா, நான் என்ன மேனேஜரா" என்று சொன்னாலும் கேட்க மாட்டாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு வடக்கே அனுப்பும் பெரிய ஆர்டர் ஒன்றுக்குப் புது லேபிள் வரைந்திருந்தார்கள். மயிலும் தாமரையுமாக நன்றாக இருக்கும். எங்கள் பெட்டி வெளியே போகும் முன்னாலேயே அதே மயில், அதே தாமரை, வேறொரு கம்பெனி பெட்டியில் கடைக்கு வந்துவிட்டது. சின்ன முதலாளி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து சார் மேசையில் போட்டார். "யாரு எடுத்தான்னு உங்க பூட்டுல பாருங்க."

சார் பார்த்தார். முன்னொரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாரிச்செல்வி பெயரில் அந்தப் படம் வெளியே எடுக்கப்பட்டிருந்தது. இருந்ததை இருந்தபடி சொன்னார்.

மாரிச்செல்வி, தன் இடத்திலேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டதாகவும், படத்தைத் தொடவில்லை என்றும் சொன்னாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்தவர் யாரும் இல்லை. "நாளைக்குச் சாயங்காலத்தோட கணக்கை முடிச்சு அனுப்பிருங்க" என்றார் சின்ன முதலாளி. நம் ஊரில் லேபிள் திருடினாள் என்று பெயர் வாங்கினால் வேறு எந்த பிரஸ்ஸும் படி ஏற்றாது. திரும்பத் தீப்பெட்டி ஆபீஸ்தான். அங்கேயும் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள்.

மறுநாள் காலை நான் லோடிங் பக்கம் டீ கொண்டுபோனேன். சீசன் நேரம், வாசலில் லாரி வரிசை கட்டி நின்றது. லோடிங் மேஸ்திரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேஸ்திரி, லோடு வரலையா?"

"லோடெல்லாம் வந்துருச்சு. அந்தப் பிள்ளைய நெனச்சேன். மாரிச்செல்விய நம்ம பயலுக்குக் கேக்கலாம்னு இருந்தேன் பேச்சியக்கா. பாத்தா அதுக்கும் ராக்காச்சி, நமக்கும் ராக்காச்சி. பங்காளியாப் போச்சு. பயலுக்குத் தங்கச்சி முறை. இப்ப பாரு, அதுக்கு இப்பிடி ஒரு பழி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சாருக்கு டீ கொடுக்கும்போது, காலையிலிருந்து அவர் வாயே திறக்கவில்லையே, கொஞ்சம் சிரிக்கட்டும் என்று இதைச் சொன்னேன். "சார், மேஸ்திரி கூத்தைக் கேட்டீகளா? கல்யாணம் பேச ஆரம்பிக்கும் முன்னாடியே முறிஞ்சு போச்சாம்."

சார் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணோட குலசாமி ராக்காச்சின்னு அவருக்கு யாரு சொன்னது?"

"கம்ப்யூட்டர்ல போட்டிருக்குன்னாரு சார்."

சார் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் இடித்தது. என்னையும் வரச் சொன்னார். ஏன் என்று தெரியாமல் பின்னாலேயே ஓடினேன்.

மேஸ்திரி சந்தோஷமாகக் காட்டினார். அவருக்கு மட்டுமல்ல, மேஸ்திரி, சூப்பர்வைசர் எல்லோருக்கும் திறக்கும் பக்கம் அது. கம்பெனி ஆட்கள் அத்தனை பேர் பெயரும் வரிசையாக இருக்கும். ஒரு பெயர் மேல் மௌஸ் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினால், பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கட்டம் வரும். அதில் அவருடைய பாஸ்வேர்டு மறைக்காமல் அப்படியே இருந்தது.

"இந்தா பாருங்க. கணக்குப்பிள்ளைக்கு அய்யனாரு. கேட்டுல நிக்கிறவருக்கு மாடசாமி. நல்லாத்தான் பண்ணியிருக்கான் கம்பெனிக்காரன், யாரு யாருக்கு என்ன முறைன்னு தெரிஞ்சுக்கிரலாம். நீங்க மட்டும் என்னமோ நம்பரும் எழுத்தும் கலந்து வச்சிருக்கீக சார். ஒங்களுக்குக் குலசாமியே கெடையாதா?"

சார் பாஸ்வேர்டுதான் எல்லாப் பூட்டையும் திறக்கிற பாஸ்வேர்டு. அதுவும் அங்கே இருந்தது. சார் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆனால் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "மேஸ்திரி, இதை யாருக்கெல்லாம் காட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வந்தவுக போனவுக எல்லாருக்குந்தான். ஏன் சார், தப்பா?"

"உங்க தப்பு இல்லை. உங்களாலதான் எனக்கே தெரிஞ்சுது. நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கத்தை யாருக்கும் திறக்காதீங்க. ஏன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க பொறுப்புல விடுறேன்."

மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து மானிட்டர் மேல் போர்த்தினார். "ரிப்பேர்னு சொல்லிக்கிருதேன். எவன் துண்டை எடுக்கான்னு பாப்போம்."

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அன்றைக்கு சார் மேஸ்திரியை ஏசியிருந்தால், அடுத்த தடவை எதையாவது பார்க்கிறவன் வாயை மூடிக்கொண்டு போயிருப்பான். ஓட்டையைக் காட்டியவனைத் திட்டாதீர்கள். அவன் அதை விளையாட்டாகவே பார்த்திருந்தாலும் சரி.

திரும்பி வரும் வழியில் படிக்கட்டில் சார் நின்றார். அவருக்கு வந்த சங்கடம் இதுதான். மாரிச்செல்வி பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும் என்றால், அவள் பெயரில் யார் வேண்டுமானாலும் படத்தை எடுத்திருக்கலாம். அதை உடனே எல்லோர் முன்னாலும் சொன்னால் அவள் பழி போகும். ஆனால் சொன்ன மறு நிமிஷம், தெரியாதவர்களும் போய் அம்பை வைத்துப் பார்ப்பார்கள். ஓட்டை இன்னும் திறந்தே கிடக்கிறது. சொல்லாமல் இருந்தாலோ, சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

"பேச்சியக்கா, உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. ஓட்டையை அடைக்கிற வரைக்கும் மாரிச்செல்விகிட்டகூடச் சொல்லக் கூடாது. முடியுமா?"

சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டுவது சுலபமாக இருந்தது.

குழாயடியில் மாரிச்செல்வி முகத்தைக் கழுவிக் கழுவி நின்றாள். கழுவக் கழுவ அழுகை வந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, நான் எங்கம்மாட்ட எப்பிடிப் போய்ச் சொல்லுவேன்? நீங்களாவது நம்புறீகளா?" என்றாள்.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளை அழுகை நிற்கும். ஆனால் அவள் சந்தோஷத்தில் பக்கத்துச் சீட்டில் சொல்லுவாள், அந்தச் சீட்டுக்காரி இன்னொருத்தியிடம் சொல்லுவாள். "நான் நம்புறேன்த்தா. சோறு கொண்டாந்தியா? எடுத்துட்டு வா, எங்கூட உக்காந்து சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன். அவள் சாப்பிடவில்லை. நான் பிசைந்து கொடுத்தேன். இரண்டு வாய் வாங்கினாள். எத்தனையோ மூட்டை சுமந்திருக்கிறேன், அன்றைக்கு வாய்க்குள் வைத்திருந்த அந்த வார்த்தையைப் போல எதுவும் கனக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் பெரிய முதலாளி அறைக்கு சார் போனார். சின்ன முதலாளியும் இருந்தார். நான் டீத் தட்டோடு உள்ளே போய், வைத்துவிட்டு வெளியே வரத் திரும்பினேன். "பேச்சியக்கா இருக்கட்டும் ஐயா, அவங்களுக்குத் தெரியும்" என்றார் சார். கதவைச் சாத்தினேன்.

சார் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். "ஐயா, உங்க பேரு மேல அம்பை வச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நானும் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு பெரிய முதலாளி குரல் மெல்ல வந்தது. "இது எங்க வீட்டுக்காரிக்கே தெரியாதேப்பா."

சின்ன முதலாளி எட்டிப் பார்க்கப் போனார் போல. "நீ எதுக்குடா எட்டிப் பாக்க? அங்கிட்டுப் போ" என்று ஒரு அதட்டல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நம்மாளுக எம்புட்டுப் பேருக்கு இது தெரியும்?"

"எத்தனை பேருன்னு சொல்ல முடியாதுங்க ஐயா. மேஸ்திரி, சூப்பர்வைசர் எல்லாருக்கும் திறக்கும். இதை வாங்கச் சொன்னது நான். பூட்டு காட்டுன பேரை நம்பி அந்தப் பொண்ணு பேரைச் சொன்னதும் நான்."

சின்ன முதலாளி விடவில்லை. "சரி, ஓட்டை இருக்கு. அதுக்காக அவ எடுக்கலன்னு ஆயிருமா?"

"எடுக்கலைன்னு நான் சொல்ல வரலை. அவதான் எடுத்தான்னு இதை வச்சுச் சொல்ல முடியாதுன்னு சொல்றேன். இது யார் பேரையும் சொல்லும். நாளைக்கு உங்க பேரையும் சொல்லும்."

பெரிய முதலாளி தலையைத் தூக்கினார். "அந்தப் பிள்ளைய நிறுத்தாதீக. மேல சொல்லு."

அடைப்பதற்கான திருத்தத்தை அனுப்புகிறோம், ஆனால் அவசரமில்லை என்று சென்னைக் கம்பெனி சாரிடம் போனில் சொல்லியிருந்தது. பேட்ச் என்பீர்களே, அதுதான். ஆனால் அதைப் போட வேண்டும் என்றால் ஒரு மதியம் முழுக்கப் பூட்டை நிறுத்த வேண்டும். ஆர்டர், லோடு எதுவும் திறக்காது. சின்ன முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வாசல்ல லாரி நிக்குது. தீபாவளி முடியட்டும். சென்னைக்காரனே அவசரமில்லன்னுதான சொல்றான்?"

"அவங்களுக்கு அவசரமில்லைங்க. அவங்க பாஸ்வேர்டா அதுல வருது?" என்றார் சார்.

பெரிய முதலாளி சிரித்தேவிட்டார். "கம்ப்யூட்டரு வர்றதுக்கு முன்னாடி நம்ம லாரி போகலையாடா? ஒரு மத்தியானம் கையால எழுதி அனுப்புவோம்."

மறுநாள் மதியம் பூட்டை நிறுத்தினார்கள். மேஸ்திரி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி லாரிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். சார் பேட்சைப் போட்டுவிட்டு மேஸ்திரி மானிட்டரிலேயே வந்து பார்த்தார். அம்பை எந்தப் பெயர் மேல் வைத்தாலும் மஞ்சள் கட்டம் வரவில்லை.

சென்னையிலிருந்து போனில், "அவ்வளவுதான் சார், முடிஞ்சுது" என்றார்களாம். சார் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே தெரியாது, சரி. இதுவரைக்கும் பார்த்தவங்க மறந்துருவாங்களா?" எல்லோரும் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று முடிவு பண்ணினார். அப்போதுதான் கம்பெனி முழுக்க, என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொன்னார். மாரிச்செல்வியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, "இவங்க பேருல யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம். விசாரிக்காம பேரைச் சொன்னது என் தப்பு" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

வேலை அதற்குப் பிறகுதான் கஷ்டமானது. குலசாமி பெயரை எடுக்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. மேஸ்திரியே முதல் ஆளாக மடக்கினார்.

"வச்ச சாமிய எடுன்னா எப்பிடி சார்? சீசன் நேரம், மருந்து பொழங்குற எடம். ராக்காச்சி கோவிச்சுக்கிட்டா நீங்களா பதில் சொல்லுவீக?"

படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. வெடிமருந்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவன் சாமியைப் பற்றிப் பேசினால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் பக்கம் திரும்பி, "என்ன பேச்சியக்கா சொல்லலாம்?" என்றார். எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. "சாமி கோயில்லயே இருக்கட்டும் மேஸ்திரி. போறவன் வாறவனெல்லாம் ராக்காச்சி பேரைத் தட்டித் திருடிட்டுப் போறதுக்கு, எடுத்துறது மரியாதைதான" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்கலே" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்கு அப்புறம் மற்றவர்களும் வரிசையில் வந்துவிட்டார்கள்.

லேபிளை யார் எடுத்தது என்று கடைசி வரை தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அது தெரியாதவரை மாரிச்செல்வி மேல் ஒரு பார்வை இருந்துகொண்டேதான் இருந்தது. அவள் முன்னால் படங்களைப் பற்றிப் பேசினால் குரலைத் தாழ்த்துவார்கள். அவளும் தலை நிமிரவில்லை.

நாலைந்து நாள் கழித்து சின்ன முதலாளி அந்தப் பிரிவுக்குள் வந்தார். வழக்கமாக வர மாட்டார், ஆள் அனுப்பித்தான் கேட்பார். கையில் ஒரு சிடி. நேராக மாரிச்செல்வி மேசைக்குப் போனார். நான் டீத் தட்டோடு கதவோரம் நின்றுவிட்டேன்.

"அடுத்த வருசத்துக்குப் புது லேபிளு. இன்னும் யாரும் பாக்கல. ஒன் பேருல உள்ள ஏத்தி வையி" என்றார்.

வருத்தம் என்றோ, மன்னிப்பு என்றோ ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் சுபாவம் அது. ஆனால் சிடியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

மாரிச்செல்வி எழுந்து நின்றாள். "உக்காந்து செய்யி" என்றார். உட்கார்ந்து தட்டினாள். தப்பு என்று வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் தப்பு. மூன்று தடவை தப்பாகத் தட்டினால் பூட்டிக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் புதிதாக வைத்திருந்தார்கள். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எதற்கும் ஒரு நிமிஷம் நிற்காத மனிதர், சின்ன முதலாளி, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெதுவா அடி. எனக்கு அவசரமில்ல" என்றார்.

திறந்தது.

இவ்வளவுதான் எனக்கு நினைவில் இருப்பது. மஞ்சள் கட்டம் அம்பை வைத்தால் வந்ததா, அமுக்கினால் வந்ததா, பேட்ச் போட்டது மறுநாளா அதற்கு அடுத்த நாளா என்பதெல்லாம் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. நீங்கள் சேர்ந்த அன்று, யார் பேரையும் சொல்வதற்கு முன்னால் இரண்டு தடவை பார்க்கச் சொல்லியிருப்பார்களே உங்கள் பிரிவு மேடம், அவர்களிடம் இதை ஒரு தடவை காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கக்கா என்றாள். மாரிச்செல்வி என்று நான் வைத்த பெயர் அவளுடைய சொந்தப் பெயரில்லை. கடைசியில் எத்தனாவது தடவை திறந்தது என்பதையும் கேளுங்கள். நான் எழுதியிருப்பதில் தப்பிருக்கலாம், அந்த நேரம் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.